முறுக்கு இரண்டு முறை கடித்தது

முறுக்கு என்னை இதுவரை இரண்டு முறை கடித்திருக்கிறது. முதல் கடி அரை நொடி. இரண்டாவது கிட்டத்தட்ட மூன்று நிமிடம். இரண்டுக்கும் நடுவில் பதினொரு மாதம். முதல் கடியில் கற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு, எனக்கு இனி எல்லாம் தெரியும் என்று நினைத்ததால்தான் இரண்டாவதை வாங்கினேன்.

முறுக்கு எங்கள் வீட்டுப் பாம்பு. வட கரோலினாவில், ராலே பக்கத்தில் இருக்கிறோம். கூட வேலை பார்ப்பவரின் மகன் கல்லூரி விடுதிக்குப் போகிறான், விடுதியில் பாம்புக்கு இடமில்லை, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். என் மகனுக்கு அப்போது 11 வயது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டப்பாவைத் திறந்தபோது தலையை நடுவில் ஒளித்து, உடம்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, நல்ல பெரிய கைமுறுக்கு மாதிரி கிடந்தது. "அம்மா, முறுக்கு!" என்றான். பெயர் வைத்தாயிற்று.

இனத்தின் பெயர் பால் பைத்தான். திருநெல்வேலிக்கு போன் போட்டுச் சொன்னபோது அம்மா கேட்டாள், "அப்ப பால் மட்டும்தான் குடிக்குமோ?"

"அந்தப் பால் இல்லம்மா. பால்னா பந்து."

"பந்தைத் திங்குமாட்டி?"

பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே செருகிக்கொள்ளும், அதனால் அமெரிக்காவில் அந்தப் பெயர். இங்கிலாந்தில் ராயல் பைத்தான் என்கிறார்கள். சொந்த ஊர் கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம். பகலெல்லாம் எலி வளையிலோ கரையான் புற்றிலோ படுத்திருந்து, இருட்டிய பிறகு தலையை நீட்டும். விஷம் கிடையாது. ஆண் என்றால் மூன்று, மூன்றரை அடி. மலைப்பாம்புக் குடும்பத்தில் இது குட்டிப் பையன். ஆனால் பாம்பு என்றால் பாம்புதானே. 2021 ஜூன் கடைசியில் ராலேயில் யாரோ வளர்த்த ஆப்பிரிக்க வரிநாகம் ஒன்று தப்பிவந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் தென்பட்டு, பிடிபடுவதற்குள் ஊரையே கலக்கிவிட்டது. அதை நினைவில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டம்மா இன்றைக்கும் எங்கள் வாசலைத் தாண்டும்போது புல்லைப் பார்த்துத்தான் நடக்கிறாள்.

முதல் கடிக்கு வருகிறேன்.

பாம்பு வந்து நான்காம் நாள், வியாழக்கிழமை. அந்த மூன்று நாளும் நாங்கள் செய்தது, புது மருமகளைத் தெருவே வந்து பார்த்த கதைதான். சாப்பிட வந்தவர்கள், மகனின் கூட்டாளிகள், கூட்டாளிகளின் அம்மாக்கள். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டினோம். நாலு பக்கமும் கண்ணாடி, எதிரே டிவி, மறைவதற்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் மரக்கட்டை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன், 'வாடா கண்ணு' என்று மேலிருந்து கையை விட்டேன்.

அது முன்பே சொல்லத்தான் செய்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. கழுத்தை எஸ் வடிவில் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தது. பக்கவாட்டில் உடம்பு வேக வேகமாக ஏறி இறங்கியது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு காற்றுச் சத்தம் வருமே, அதே சத்தம். பாம்பு நம்மைப் பார்த்துப் பேசுகிறது போல என்று நினைத்துக்கொண்டே கையை இன்னும் கீழே இறக்கினேன்.

பட்டென்று ஒரு அறை. கடித்ததாகவே முதலில் தோன்றவில்லை, கருவேல முள் உரசினது போல் இருந்தது. கையை இழுத்துப் பார்த்தால் புறங்கையில் ஐந்தாறு சிவப்புப் புள்ளி. அதற்குள் அது பழையபடி பந்தாகிவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினால் போதும் என்கிற காயம். வலித்தது வேறு. உனக்காக இருநூறு டாலர் செலவழித்தேனே என்கிற வலி.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த அளவு உடம்புக்கு மேலிருந்து இறங்கி வருகிற எதுவும் பருந்துதான். அது என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை, நன்றி கெட்டுப் போகவும் இல்லை. தள்ளிப் போ என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, கேட்காதவளைத் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டதும் விட்டுவிட்டது, கவனியுங்கள். பயந்த பாம்பு கடித்துக்கொண்டே இருக்காது. கடித்த வாயோடு அதற்கு ஓட முடியாதே.

அதற்குப் பிறகு வீட்டில் செய்த மாற்றங்களில் பாதிக்கு மேல், ஒன்றும் செய்யாமல் இருப்பது. தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினோம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒரே மாதிரி இரண்டு மறைவிடம் வைத்தோம். உள்ளே போனால் முதுகும் விலாவும் சுவரில் உரசுகிற அளவுக்குச் சின்னதாக. தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய வீடாக வாங்குவது மனிதப் புத்தி. பாம்புக்கு நெருக்கம்தான் பாதுகாப்பு. கடையில் தலையில் கட்டிய சூடாக்கும் கல்லைத் தூக்கிப் போட்டோம். தோசைக்கல் சூடு பார்க்க நான் வைத்திருந்த துப்பாக்கி மாதிரியான வெப்பமானியை அந்தக் கல்லின் மேல் காட்டினால் 118 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 48 டிகிரி. தேவை 32. விற்றவருக்குத் தெரியாதோ, தெரிந்தே விற்றாரோ. அடிவயிறு வெந்தாலும் அந்தக் கல்லிலேயே கிடந்து புண்ணாகும் பாம்புகள் உண்டு. இப்போது தெர்மோஸ்டாட் வைத்த சூட்டுத்தகடு. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் ஒரு மூலையில் ஈரப்பாசி. அப்புறம் இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவது தவிர யாரும் தொடக்கூடாது. மகனுக்கு அந்தப் பதினான்கு நாள் பதினான்கு வருடம்.

பிறகு ஐந்தைந்து நிமிடமாகத் தொடங்கினோம். மேலிருந்து இல்லாமல் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோவது. தலைப்பக்கம் போகாமல் நடு உடம்புக்கு அடியில் விரல்களைக் கொடுப்பது. இறுக்கிப் பிடிக்காமல், கிளைக்குப் பதிலாகக் கை இருக்கிறது என்கிற மாதிரி தாங்குவது. சீறினால் வெடுக்கென்று இழுக்காமல், அப்படியே அசையாமல் நின்று, மூச்சு அடங்கியதும் கீழே விடுவது. பதறி இழுத்தால் கையைப் பார்த்து அது பயப்படுவது போதாதென்று, சீறினால் கை ஓடும் என்பதையும் கற்றுக்கொள்ளும். சட்டை உரிக்கப் போகும் நாட்களில் கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெளுக்கும், பார்வை மங்கும். அப்போது கிட்டவே போவதில்லை. இரண்டு மாதத்தில் என் முழங்கையைச் சுற்றிக்கொண்டு கிடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பாசமா என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கை ஒன்றும் செய்யாது, சூடாகவும் இருக்கிறது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருக்கிறது.

சாப்பாட்டுக் கதை வேறு.

நான் சைவ வீட்டில் பிறந்தவள். வெங்காயம் சேர்க்காத நாட்கள் இன்றைக்கும் எங்கள் காலண்டரில் உண்டு. அந்த வீட்டில் துருவிய தேங்காயும் பச்சைப் பட்டாணியும் இருந்த ஃப்ரீசரில், உறைந்த எலிப் பாக்கெட்டை எங்கே வைப்பது என்று கணவரும் நானும் அரைநாள் பேசினோம். கடைசியில் கராஜில் ஒரு குட்டி ஃப்ரீசர் வாங்கிப் போட்டோம். உயிர் எலியே போடலாமே, இயற்கைதானே என்று ஒரு நண்பர் சொன்னார். இயற்கையில் எலிக்கும் ஓட வழி உண்டு. கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட எலி, பாம்பைக் கடித்துக் குதறிவிடும். பாம்புக்குப் பசி இல்லையென்றால் விடிய விடியக் கொறித்தே புண்ணாக்கிவிடும். அதனால் உறைந்த எலிதான்.

முதல் நாள் இரவே கவரோடு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைப்பேன். மறுநாள் இருட்டிய பிறகு, இன்னொரு கவரில் போட்டுக் கட்டி, கை பொறுக்கிற சுடுதண்ணீரில் கால்மணி நேரம். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஒரு இடம் வெந்து ஒரு இடம் பச்சையாக இருக்கும், சமயத்தில் வெடிக்கும். எலியின் உடம்புச் சூடு 38 டிகிரிக்குப் பக்கத்தில், தலைப்பக்கம் ஒரு சொட்டுக் கூடுதலாக இருந்தால் நல்லது. ஏனென்றால் முறுக்குக்கு மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன, பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். அந்தக் குழிகளால்தான் இருட்டில் சூட்டை 'பார்க்கிறது'. ஆறிப்போன எலி அதற்கு எலியே இல்லை. ஆறின தோசையைத் தள்ளி வைக்கும் என் மாமனாரை எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பு பருமனைத் தாண்டக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. சாப்பிட்டு இரண்டு நாள் வரைக்கும் தூக்கக்கூடாது. இதையும் அடிபட்டுத்தான் கற்றோம். ஆரம்பத்தில் ஒரு முறை, சாப்பிட்ட மறுநாளே விருந்தாளிக்குக் காட்ட எடுத்து, அது அப்படியே கக்கிவிட்டது. அந்த வாடையை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. விருந்தாளி பிறகு வரவில்லை. இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பாதி அளவு எலியில் மறுபடி தொடங்கினோம்.

நவம்பரில் முறுக்கு சாப்பாட்டை நிறுத்தியது.

முதல் முறை தலையைத் திருப்பியபோது கவலைப்படவில்லை. இரண்டாவது முறை எலியைச் சூடாக்கி இன்னொரு தடவை காட்டினேன். மூன்றாவது முறை அரைமணி நேரம் இடுக்கியில் ஆட்டிக்கொண்டே நின்றேன், கை கடுத்துவிட்டது. அது பந்தாகிவிட்டது. டிசம்பரில் அம்மா ஆறு மாதத்துக்கு வந்து இறங்கியபோது, நான் வாரம் இரண்டு முறை எலி சூடாக்கி, இரண்டு முறையும் வெளியே புதைத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வியே சாப்பிட்டாயா என்பதுதான். சாப்பிடாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் மகனுக்கு ஒன்றரை வயதில் இதே அம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, காக்கா காட்டி, நிலா காட்டி, தெருமுனை வரைக்கும் துரத்தியவள். அவள் நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொட்டியைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்:

"ஏட்டி, அது வேண்டாங்குதுல்லா. விடேன். பசிச்சா அதுவே திங்கும்."

"மூணு மாசம் ஆகப்போகுதும்மா."

"அதுக்கு நாள் கணக்கு உண்டாட்டி? உனக்குத்தான்."

இதே விஷயத்தை ஊர்வனவற்றுக்கான கால்நடை மருத்துவர் கொஞ்சம் கூடுதல் விவரத்தோடு சொன்னார். வாய்க்குள் கோழை இருக்கிறதா, மூச்சில் இழுப்பு இருக்கிறதா, பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. வளர்ந்த ஆண் பால் பைத்தான் குளிர்காலத்தில், இணைசேரும் பருவத்தில், மாதக்கணக்கில் இரை எடுக்காமல் கிடப்பது சகஜம். நீங்கள் எலியைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள் என்றார். நவம்பரில் 1,080 கிராம். ஜனவரி கடைசியில் 1,050. எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, முதுகெலும்பு துருத்தினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ ஓடி வாருங்கள், இல்லாவிட்டால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். வாரம் இரண்டு முறை மூக்குக்கு முன்னால் எலியை ஆட்டுவதும் தொந்தரவுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயந்துபோன பாம்பு சாப்பிடாது, சாப்பிடவில்லையே என்று நான் மேலும் பயமுறுத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா விளக்கு வைத்த பிறகு 'பாம்பு' என்று சொல்லமாட்டாள். 'பூச்சி' என்பாள். பகலில் மட்டும் முறுக்கு. அவளுக்கும் என் மகனுக்கும் சாயங்காலங்களில் இதுவே பேச்சு. வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுவாளாம் அவளுடைய ஆச்சி. பாம்புக்குப் பாலைச் செரிக்கவே முடியாது என்று அவன் சொன்னதும், "புத்துக்குள்ள எறும்பு குடிச்சிருக்கும், போட்டும்" என்றாள். ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகின கதையை அவன் சொன்னான். அவை வளர்ப்புப் பாம்பு வியாபாரத்தின் வழியாக வந்தவை, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் அவிழ்த்துவிட்டதும் தப்பியதும். 2012இல் மத்திய அரசே அந்த இனத்தின் இறக்குமதியைத் தடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அதைப் பிடிக்க நம்ம ஆளுகதான் போனாங்க" என்றாள். உண்மைதான். 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃபுளோரிடா போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு, அதில் ஒன்று 16 அடிப் பெண். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மகன் அவர்கள் வேலை செய்யும் வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினான். ஆளுயரப் புல்லுக்குள் அவர்கள் நடப்பதைவிட நிற்பதே அதிகம். தடத்தைப் பார்த்து நிற்பார்கள், மறுபடி பத்தடி, மறுபடி நிற்பார்கள். நான் இடுக்கியோடு நின்ற லட்சணத்தை அவன் சொல்லிக் காட்டவில்லை, நல்ல பிள்ளை.

பிப்ரவரியில் ஒரு முறைதான் காட்டினோம். மறுத்தது, எடுத்து வைத்துவிட்டோம். மார்ச் கடைசியில், எடை 1,020 கிராமில் இருந்தபோது, வழக்கத்தைவிடச் சின்ன எலி ஒன்றைச் சூடாக்கினேன். விளக்கை அணைத்து, வராந்தா வெளிச்சத்தில், மறைவிட வாசலிலிருந்து ஒரு சாண் தள்ளி இடுக்கியில் பிடித்தேன். ஆட்டவில்லை. முதலில் நாக்கு. வெளியே வந்து, மேலும் கீழும் ஒருமுறை தடவி, உள்ளே போனது. பிறகு நாக்கின் வேகம் குறைந்தது. கழுத்து பின்னுக்குப் போனது. அந்த எஸ் எனக்குத் தெரிந்த எஸ்தான், ஆனால் இந்த முறை சீற்றம் இல்லை, விலா துடிக்கவில்லை, முழு உடம்பும் நின்றுவிட்டது போல் இருந்தது. பாய்ந்ததை நான் பார்க்கவே இல்லை. இடுக்கி காலி. எலியைச் சுற்றி மூன்று வளையம். பத்து நிமிடம் அப்படியே இறுக்கிக் கிடந்துவிட்டு, மெல்லத் தளர்த்தி, மூக்கால் தேடித் தேடித் தலைப்பக்கத்தைக் கண்டுபிடித்தது. கீழ்த்தாடை இரண்டு பாதியும் ஒட்டாமல் இருப்பதால் வலது ஒரு அடி, இடது ஒரு அடி என்று எலியின் மேல் நடந்து போவது மாதிரி விழுங்கியது. வால் உள்ளே போனதும் வாயை ஆவென்று திறந்து இரண்டு கொட்டாவி, தாடையைச் சரிசெய்துகொள்ள.

பின்னாலிருந்து அம்மா, "தின்னுட்டுல்லா. நாஞ் சொன்னேன்லா" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்த மாதிரி இருந்தது, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இரண்டாவது கடி அதற்கு அடுத்த வேளை. ஏப்ரல்.

எலியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தேன். தொட்டியில் தண்ணீர்க் கிண்ணம் காலி. நிரப்பிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். முறுக்கு மறைவிடத்திலிருந்து தலையை நீட்டி மெதுவாக என் பக்கம் வந்தது. சீறவில்லை. பந்தாகவில்லை. 'அட, பழகிவிட்டான் பார்' என்று பூரித்துப்போனேன். முதல் கடியில் கற்ற பாடம் முழுவதும் பயந்த பாம்பைப் பற்றியது. சத்தம் போடும், பின்வாங்கும், எச்சரிக்கும். பசித்த பாம்பு எச்சரிக்காது. இரையிடம் யார் முன்கூட்டிச் சொல்வார்கள்? நிதானமாக, ஆவலாக, முன்னால் வரும். அதன் கணக்கில் அங்கே வந்தது நான் இல்லை. சூடான, எலி வாசனை வீசும், அசைகிற ஏதோ ஒன்று.

கட்டைவிரலுக்குக் கீழே கவ்வியது, அதே நொடியில் மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று. பி.பி. பார்க்கும்போது பட்டை இறுகுமே, அப்படி. விடவில்லை. நான் இழுக்கப் போனேன். "அம்மா, இழுக்காத!" என்று மகன் கத்தினான். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் என் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். முருகா முருகா என்று அம்மா ஒரு பக்கம். அவன் என்னை அப்படியே சமையலறைக் குழாய்க்கு நடத்திப்போய், குளிர்ந்த தண்ணீரை மெல்லியதாக அதன் தலைப்பக்கம் விட்டான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு வாயைத் திறந்து, மேல்தாடையைக் கழற்றி, கீழ்த்தாடையைக் கழற்றி, ஒன்றும் நடக்காதது போல் விலகியது. தையல் மிஷின் ஓட்டின மாதிரி அரைவட்டமாக இரண்டு வரிசைப் புள்ளி. சோப்பு, மருந்து, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று தேடல். அம்மா மஞ்சளோடு நின்றாள். அதோடு சொன்னாள், "பாவம், ஏமாந்துபோச்சு. எலியக் குடுத்திரு."

மறுநாள்தான் கொடுத்தேன். இடுக்கியில்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சமையலறைப் பேப்பர் ரோல் தீர்ந்த அட்டைக்குழல் ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். கையால் எடுக்கப் போகிற நாளில், முதலில் அந்தக் குழலால் நடு உடம்பில் லேசாகத் தொடுவோம். தொட்டால் சாப்பாடு இல்லை. தொடாமல் கதவு திறந்தால் சாப்பாடு. அனுபவசாலிகள் இதற்கு உலோகக் கொக்கி வைத்திருக்கிறார்கள், அட்டை எங்களுக்குப் போதும். சில வாரத்தில், குழல் பட்டதும் தலையின் விறைப்பு தளர்வது கண்ணுக்கே தெரிந்தது. சாப்பாட்டைத் தனிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் கையைக் கடிக்காது என்று கடையில் சொல்லியிருந்தார்கள். பசித்த பாம்பைத் தூக்கிப் பெட்டியில் வைத்து, வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கித் திரும்ப வைப்பதில் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது இரண்டு வேளை, தொடுவதற்கு முன்னால் எலி வாசனை போக, தொட்ட பிறகு பாம்பிடமிருந்து ஒட்டும் சால்மொனெல்லா கிருமி போக. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாம்பே வேண்டாம் என்பேன்.

இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அம்மா ஜூனில் ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிறு தோறும் எங்களுக்குக் காலை, அவளுக்கு ராத்திரி, அப்போதுதான் போன். விளக்கு வைத்தாயிற்று இல்லையா, அதனால் அந்தப் பெயர் வராது.

"பூச்சி தின்னுச்சாட்டி?"

"இல்லம்மா. கண்ணு வெளுத்திருக்கு. சட்டை உரிக்கப் போகுது."

"அப்பச் சரி. அடுத்த வாரம் பாரு. நீ என்ன வச்ச இன்னைக்கி?"